சகலைகளின் இரண்டு நாடுகள்

ஒரே வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பதைத் தவிர அந்த இரண்டு சகலைகளுக்கும் எதிலும் ஒத்துப்போனதில்லை. பெரியவர் ஒரு நாட்டில் போய்க் குடியேறினார். சின்னவர் இன்னொரு நாட்டில் குடியேறினார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் வீடியோவில் சண்டை.

"எங்க நாட்டுல ஆஸ்பத்திரிக்குப் போனா ராஜா மாதிரி பாத்துக்குவாங்க" என்பார் பெரியவர்.

"எங்க நாட்டுல ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு யாருக்கும் எதுவும் வர்றதே இல்ல சகலை" என்பார் சின்னவர்.

எங்க நாடு, எங்க நாடு என்று இவர்கள் தொண்டை கிழியக் கத்துகிற அந்த இரண்டு நாடுகளிலும் இவர்களுக்கு ஓட்டு கிடையாது. இவர்கள் பேசுவது அந்த நாட்டுக்காரர்கள் காதில் விழுந்தால் மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார்கள். கட்டிக்கொண்டு வந்த பெண்கள்கூடப் பிறந்த வீட்டை இவ்வளவு தூக்கிப் பேசியதில்லை.

இந்தச் சண்டைக்கு நடுவில் வந்து மாட்டிக்கொண்டவள்தான் கடைக்குட்டி. மூன்று பெண்களில் கடைசியாகப் பிறந்ததால் வந்த பேர், காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் போகவில்லை. அக்காமார் இருவரும் கல்யாணமாகிக் கடல் கடந்து போனார்கள். அப்பா படுக்கையில் விழுந்தார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும், அவள் இருந்தாள். அப்பா போன பிறகு வீட்டில் அவளும் சுவர்களும்தான் மிச்சம். "தனியா எப்படி இருப்பே?" என்று அக்காமார் இரண்டு பேரும் அழுதார்கள். நிஜமான அழுகைதான், அதில் பொய் இல்லை. சின்னக்கா முந்திக்கொண்டதால் கடைக்குட்டி சின்னவர் குடியேறிய இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

விமான நிலையத்தில் காரில் பெட்டியை ஏற்றும்போதே சின்ன அத்தான் கையை நீட்டினார். "பாஸ்போர்ட்டைக் குடு, பத்திரமா வெக்கறேன்."

கொடுத்தாள். வீட்டில் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவருடைய இரும்பு பீரோவில்தான் இருந்தது. சின்னக்காவுடையதும் அங்கேதான். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. வீட்டுக்கு வீடு வாசற்படி என்பதுபோல, வீட்டுக்கு வீடு ஒரு பீரோ, ஒரு சாவி, அந்தச் சாவிக்கு ஒரு சட்டைப்பை.

சின்னக்காவின் இரட்டைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவது, சமைப்பது, துவைப்பது, பிள்ளைகளைக் கூட்டிவருவது என்று கொஞ்ச காலம் ஓடியது. படுக்கை ஹாலில் இருந்த சோபா. எல்லாரும் டிவி பார்த்து முடித்து எழுந்தால்தான் அவளுக்குத் தலை சாய்க்க இடம். சின்ன அத்தானுக்குப் பிடித்த தொடர் நீண்டுகொண்டே போகும், இவளுக்குக் கொட்டாவியும் நீண்டுகொண்டே போகும்.

பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு பெரிய சலவைக் கூடம் இருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வண்டி வண்டியாக அழுக்கு விரிப்புகள் வந்து வெளுத்துத் திரும்பிப் போகும் இடம். கதவில் 'ஆள் தேவை' என்று ஒட்டியிருந்ததை ஒரு நாள் பார்த்தாள். அந்த ஊர் பாஷை அவளுக்கு அரைகுறைதான். ஆனால் அந்த இரண்டு சொல் எந்த பாஷையில் எழுதியிருந்தாலும் தேவைப்படுகிறவர்களுக்குப் புரிந்துவிடும். உள்ளே நுழைந்துவிட்டாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில், விரிப்புகளைத் தேய்க்கிற உருளை இயந்திரத்தில் வேலை. சூடான உருளைகளுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஈர விரிப்பின் ஒரு முனை இவள் கையில், மறு முனை இன்னொருத்தி கையில். விறைப்பாகப் பிடித்து, உருளையின் வாயில் வைத்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். ஒருத்தி தன் பக்கம் இழுத்தாலும் போச்சு, ஒருத்தி விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் போச்சு. விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கும். இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மேற்பார்வைக்காரி வந்து வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

மறு முனையில் நின்றவள் வேறெங்கிருந்தோ இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்தவள். அவள் பாஷை இவளுக்குத் தெரியாது, இவள் பாஷை அவளுக்குத் தெரியாது. முதல் சில நாள் விரிப்பு விரிப்பாகச் சிக்கியது. கடைசியில் கடைக்குட்டி பொறுக்க முடியாமல் "விடு!" என்று தமிழில் கத்தினாள். எதிர்முனைக்காரி திடுக்கிட்டுக் கையை விட்டாள். விரிப்பு பாய் விரித்த மாதிரி நேராக உள்ளே போயிற்று. இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தில் நாள் முழுக்க ஒரே மந்திரம்தான்: "விடு, விடு, விடு." சில நேரம் எதிர்முனைக்காரியே முந்திக்கொண்டு சொல்வாள். அவள் வாயில் அது கொஞ்சம் குழறித்தான் வரும், ஆனால் கை பிசகாது.

அந்த எதிர்முனைக்காரி குடியிருந்தது ஒரு செருப்புக் கடைக்கு மேலே. பக்கத்து அறை காலியாவதாகக் கையையும் முகத்தையும் ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கூட்டிப்போய்க் காட்டினாள். சின்ன அறைதான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் குழாய்கள் தெரியும், கீழேயிருந்து ரப்பர் வாடை வரும். ஆனால் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. கடைக்குட்டி அதைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள். பிறந்ததிலிருந்து தனக்கென்று அவள் போட்டுக்கொண்ட முதல் தாழ்ப்பாள் அது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த வாரமே மேற்பார்வைக்காரி கூப்பிட்டாள். "உன்னை நிரந்தரமாக்கப் போகிறோம். திங்கட்கிழமை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வா. வரவில்லையென்றால் இடம் வேறு ஆளுக்குப் போகும்." வேலை நிரந்தரமானால் இந்த நாட்டில் தங்கும் அனுமதி அவள் பேரிலேயே, யார் தயவும் இல்லாமல் கிடைக்கும். அறைக்கு வாடகை கொடுக்கவும் வழி பிறக்கும்.

வீட்டுக்கு வந்து சின்ன அத்தானிடம் பாஸ்போர்ட் கேட்டாள்.

"இப்ப என்ன அவசரம்? சகலை குடும்பத்தோட வர்றாரு. உன்னை அங்க கூட்டிட்டுப் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு. எல்லாரும் உக்காந்து பேசி, உனக்கு எந்த நாடு சரின்னு முடிவு பண்ணுவோம். அப்புறம் பாஸ்போர்ட். அது என்ன ஓடியா போகப் போகுது?"

பெரிய அத்தானும் பெரியக்காவும் வந்து இறங்கினார்கள். பெரிய அத்தானுக்கு அங்கே விமான நிலையத்தில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் "ஏர்போர்ட்ல" என்பார். மறுபடி கேட்டாலும் "ஏர்போர்ட்ல"தான். பெட்டி தூக்குகிற வேலை என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. பெரியக்காவுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏற முடியவில்லை. தங்கை வந்தால் கைக்கு உதவியாக இருக்கும் என்று மறைக்காமலே சொன்னாள். இங்கே இரட்டைப் பிள்ளைகள், அங்கே முட்டி வலி. எந்த நாட்டுக்குப் போனாலும் கடைக்குட்டிக்கு வேலை காத்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பால் வாங்கக் கிளம்பியவளோடு பெரிய அத்தானும் கிளம்பினார். கடைத் தெருவில் பஸ் வந்து நிற்பதையும், ஆட்கள் இடிக்காமல் ஏறுவதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"பரவாயில்லையே. சொன்ன நேரத்துக்கு வருது."

"அங்க வராதா அத்தான்?"

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். சகலை எந்தச் சந்திலும் இல்லை என்று உறுதியானதும் குரலைத் தாழ்த்தினார். "குட்டி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு அங்க போதும் போதும்னு ஆயிடுச்சு. பாதி வருஷம் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரன் முகம் எப்படி இருக்கும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்குப் பின்னால வந்தவனெல்லாம் மேல போயிட்டான். நான் இன்னும் பெட்டிதான் தூக்கிட்டு இருக்கேன்."

முதல் தடவையாக அவர் வாயிலிருந்து பெட்டி என்ற சொல் வந்தது. கடைக்குட்டிக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"அப்ப எதுக்கு என்னை அங்க கூப்பிடறீங்க?"

"அது சகலை முன்னால பேசறது. நீ வராதே. இங்கயே நில்லு. நீ இங்க காலூன்றிட்டா உன்னைச் சாக்கா வெச்சு நாங்க வந்துடறோம். வாராவாரம் அவரு இந்த நாட்டைப் பத்திச் சொல்றப்பல்லாம் எனக்கு வயிறு எரியும் தெரியுமா? ஆனா அவர்கிட்டப் போய் நான் உதவி கேக்க முடியுமா? செத்தாலும் கேக்க மாட்டேன். நீ அவர்கிட்ட மூச்சு விட்டுடாதே."

பாலோடு வீடு திரும்பி, ராத்திரிச் சாப்பாடு முடிந்து, கடைக்குட்டி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்ன அத்தான் அடுப்படிக்குள் வந்தார். வந்ததோடு நிற்காமல் துணியை எடுத்து ஒரு தட்டைத் துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடக்காத அதிசயம். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"குட்டி, நீ பேசாம அவங்களோட போயிடு."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"இங்க என்ன வாழுது சொல்லு? வருஷா வருஷம் வரிசைல நின்னு, இன்னும் ஒரு வருஷம் தங்கிக்கறோம்னு கெஞ்ச வேண்டியிருக்கு. அங்க போனா கொஞ்ச வருஷத்துல சொந்த நாட்டுக்காரனா ஆக்கிடறாங்களாம். சகலை சொல்றப்பல்லாம் எனக்குத் தூக்கம் வராது. கூடப் பிறந்தவங்களைக் கூப்பிட்டுக்க அங்க வழி இருக்கு. உங்க பெரியக்காவே எங்களைக் கூப்பிடலாம். ஆனா அதுக்கு நான் சகலைகிட்டப் போய் நிக்கணுமே! அதுக்கு நான் கிணத்துல விழலாம். நீ முதல்ல போ. போய் நிலைச்சு எங்களைக் கூப்பிடு. அவர் காதுல மட்டும் விழக் கூடாது."

அவர் போன பிறகு கடைக்குட்டி குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். இவர் சொன்ன பெருமையை அவர் நம்பியிருக்கிறார், அவர் சொன்ன பெருமையை இவர் நம்பியிருக்கிறார். இத்தனை வருஷம் ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டுவதாக நினைத்துக்கொண்டு ஒருத்தர் வயிற்றில் ஒருத்தர் நெருப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்து ஆண்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு தப்பு வரும்?

சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. எந்த நாடு உனக்குப் பிடிச்சிருக்கு என்று இரண்டு பேரில் ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீரில் ஆழம் பார்க்க அவள் காலைத்தான் விடப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்க அவள், இரட்டைப் பிள்ளைகளுக்கு அவள், முட்டி வலிக்கு அவள், இப்போது இரண்டு அத்தான்களின் விசாவுக்கும் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் கச்சேரி ஆரம்பித்தது. முந்தின நாள் அவளிடம் பேசிய வாய்கள்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"எங்க நாட்டுல ஸ்கூல்ல பிள்ளைகளை அடிக்கவே மாட்டாங்க" என்றார் பெரிய அத்தான்.

"எங்க நாட்டுல பிள்ளைங்க அடி வாங்கற மாதிரி நடந்துக்கவே மாட்டாங்க" என்றார் சின்ன அத்தான்.

"வேலை போனா எங்க நாட்டுல கவர்மென்டே சோறு போடும்."

"எங்க நாட்டுல வேலை எதுக்குப் போகுது?"

"குட்டி அங்க வந்தா எவ்வளவு நல்லது! யோசிச்சுப் பாருங்க."

"இங்க அவளுக்கு என்ன குறை? கேளுங்களேன்."

ஆனால் யாரும் கேட்கவில்லை. கடைக்குட்டி எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு, தனக்கும் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பரிமாறி முடியும் முன்னே அவள் உட்கார்ந்ததே வீட்டில் ஒரு புதுக் காட்சிதான்.

"சின்ன அத்தான், என் பாஸ்போர்ட் வேணும். நாளைக்கு வேலைல காட்டணும்."

"பேசிட்டு இருக்கோம்ல? முடிவாகட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்களே. பெரிய அத்தான் இங்க வரணும்னு நினைக்கறாரு. நீங்க அங்க போகணும்னு நினைக்கறீங்க. நேத்து சாயங்காலம் பால் கடைக்குப் போறப்ப அவரு சொன்னாரு, ராத்திரி தட்டு துடைக்கறப்ப நீங்க சொன்னீங்க. நான் எந்த நாட்டுல இருக்கணும்கறது உங்களுக்கு முக்கியமே இல்ல. எங்க நான் முதல்ல போய் நின்னா உங்களுக்கு வழி கிடைக்கும்கறதுதான் கணக்கு."

பெரிய அத்தான் வாயில் வைத்த சோறு வாயிலேயே நின்றது. சின்ன அத்தான் தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். இரண்டு சகலைகளும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சகலை... அங்கயா வரப் பாக்கறீங்க?" என்றார் பெரியவர். "அங்க இருட்டு சகலை!"

"இங்க மட்டும் என்ன! வரிசைல நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு" என்றார் சின்னவர்.

அதற்குள் பெரியக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. "நாடு மாறப் போறோம்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? மூட்டை கட்டப் போறது நான்தானே? அங்க வந்து இத்தனை வருஷம் ஆச்சு, தனியா ஒரு பஸ் ஏறினது கிடையாது. நீங்க பெருமையா சொல்றீங்களே அந்த நாடு, அதை நான் அடுப்படி ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கேன்!"

"நான் மட்டும்?" என்றாள் சின்னக்கா. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "எனக்கும் இங்க அதே ஜன்னல்தான்."

"பெண்டுகள் சும்மா இருங்க. இது பெரிய விஷயம்" என்று சின்ன அத்தான் சொல்லத் தொடங்கினார். தொடங்கியிருக்கக் கூடாது. சின்னக்கா எழுந்தாள், ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள், அறைக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் மேஜை வரைக்கும் வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டோடு திரும்பினாள். ஒன்றைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னொன்றைத் தங்கையிடம் நீட்டினாள்.

கடைக்குட்டி அதைப் பிடிக்கும்போதே சின்ன அத்தான் பாய்ந்து மறு முனையைப் பிடித்துவிட்டார்.

"குட்டி, பைத்தியக்காரத்தனம் பண்ணாதே. தொலைச்சுட்டு வந்து நிப்பே."

பழைய கடைக்குட்டியாக இருந்தால் கையை எடுத்திருப்பாள். வேறு யாராவதாக இருந்தால் வெடுக்கென்று இழுத்திருப்பார்கள். அவள் இரண்டும் செய்யவில்லை. நாள் முழுக்க ஈர விரிப்புகளைப் பிடித்துப் பழகிய விரல்கள் தன் முனையை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றன. இழுத்தால் கோணும், கிழியும் என்று அந்த விரல்களுக்குத் தெரியும். அவள் அவரை நேராகப் பார்த்தாள். பயம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

"விடுங்க அத்தான்."

அவர் விடவில்லை. அவளும் விடவில்லை.

"விடுங்க."

இவ்வளவு தாழ்ந்த குரலில் இவ்வளவு அழுத்தமாக அந்த வீட்டில் அவரிடம் யாரும் பேசியதில்லை. அவர் விரல்கள் தளர்ந்தன. பாஸ்போர்ட் ஒரு மடிப்பும் விழாமல் அவள் கைக்கு வந்தது.

அவள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூலையில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த துணிப்பெட்டியை எடுத்தாள். அது அங்கே இருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

"எங்க கிளம்பிட்டே?" என்று பதறினாள் பெரியக்கா. "அங்கயா இங்கயா, சொல்லிட்டாவது போ!"

"நீங்க சொன்ன ரெண்டு நாடும் எனக்கு வேணாங்கா. ரெண்டுலயும் ஒரே அடுப்படி, ஒரே பீரோ. நான் வேற நாட்டுக்குப் போறேன்."

"வேற நாடா?" இரண்டு சகலைகளும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் கண்ணில் ஒரு சின்ன ஆசைகூட மின்னியது. "எது? அங்க எப்படி?"

"நாலு தெரு தள்ளி இருக்கு. செருப்புக் கடைக்கு மேல. அங்க கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு."

கடைக்குட்டி செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். சின்னக்கா பின்னாலேயே ஓடி வந்து படிக்கட்டில் அவள் கையைப் பிடித்தாள். இடுப்பில் செருகிய பாஸ்போர்ட் சேலைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தாலும் உதட்டில் சிரிப்பு.

"அந்த நாட்டுக்கு நான் வரணும்னா விசா வேணுமாடி?"

"நீயும் பெரியக்காவும் எப்ப வேணும்னாலும் வரலாம்" என்றாள் கடைக்குட்டி. "அத்தான்மார் வந்தா மட்டும் வரிசைல நிக்கணும்."